வில், மின்வேலி, மூன்று கிலோமீட்டர்

அமெரிக்காவில் புறநகர்க் குடியிருப்புகளுக்கு நடுவில், வீட்டுக் கொல்லைகளை ஒட்டிய மரங்களில் பரண் கட்டி உட்கார்ந்து, வில்லும் அம்பும் வைத்து மான் வேட்டையாடுகிறார்கள். சட்டப்படி, உள்ளாட்சி நிர்வாகமே முன்னின்று நடத்துகிற காரியம் இது. வர்ஜீனியாவில் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி மாதிரி இடங்களில் இதற்கென்று தனித் திட்டமே இருக்கிறது. தருமபுரியில் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. மீதிப் பேர், "அப்ப நாங்க பன்னிய அடிச்சா மட்டும் ஏன் கேஸ் போடறாங்க?" என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். அந்தக் கேள்வியை ஒட்டி இரண்டு வாதங்கள் அடிக்கடி காதில் விழுகின்றன. "வளர்ந்த நாடுகளே வேட்டையாடி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துது, நாம மட்டும் கொல்லாமை பேசி விவசாயியச் சாகடிக்கிறோம்" என்பது ஒன்று. "உயிரைக் கொல்வதற்கு நாகரிகமான வழி என்று ஒன்றே கிடையாது, வேலி போட்டுக்கொள், நஷ்ட ஈடு வாங்கிக்கொள்" என்பது இன்னொன்று. முதலாவதைப் பெரும்பாலும் கிராமத்தில் கேட்கிறேன், இரண்டாவதைப் பெரும்பாலும் சென்னையில். இரண்டிலுமே ஏதோ ஒன்று விடுபடுகிறது என்று எனக்குப் படுகிறது. அது என்ன என்று பார்ப்பதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் அந்த வில் வேட்டை எதற்காக என்று பார்ப்போம். 1900 வாக்கில் அமெரிக்காவின் வெள்ளைவால் மான்கள் சில லட்சமாகச் சுருங்கிவிட்டன. சந்தைக்காகக் கண்மண் தெரியாமல் சுட்டதன் விளைவு அது. பிறகு சட்டம் வந்தது, பாதுகாப்பு வந்தது. ஓநாயும் மலைச்சிங்கமும் பெரும்பாலான இடங்களில் ஏற்கெனவே ஒழிக்கப்பட்டிருந்தன. காட்டை வெட்டிப் புல்வெளியும் தோட்டமுமாகப் புறநகர்கள் பரவின. மானுக்கு இதைவிட நல்ல மேய்ச்சல் வேறு எங்கே கிடைக்கும்? இன்று அங்கே மூன்று கோடிக்குப் பக்கத்தில் மான்கள். கார் மோதுகிறது, தோட்டம் போகிறது, காட்டில் இளங்கன்றுகளை மேய்ந்துவிடுவதால் மரங்கள் மறுபடி முளைப்பதில்லை. எண்ணிக்கையைக் குறைக்கவேண்டும், ஆனால் வீடுகளுக்கு நடுவில் துப்பாக்கி சுட முடியாது. அங்கேதான் வில் வருகிறது. மேலேயிருந்து கீழ்நோக்கி, இருபது முப்பது மீட்டர் தூரத்தில் எய்கிற அம்பு தவறினாலும் மண்ணில்தான் குத்தும். சத்தமும் வராது.

இதைக் கவனிக்கவேண்டும். வில்லைத் தேர்ந்தெடுத்தது மானுக்கு வலி குறையும் என்பதற்காக இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தூக்கம் கெடாது, குழந்தைகள் மேல் குண்டு படாது என்பதற்காக. வில் வேட்டைக்காரர்கள் எழுதுவதைப் படித்தால் தொன்மை, பொறுமை, இயற்கையோடு சமமாக நிற்பது என்று நிறைய வரும். 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கழகம் காலத்திலிருந்தே அவர்களிடம் 'நேர்மையான வேட்டை' என்று ஒரு கருத்து உண்டு. விலங்குக்குத் தப்பிக்க வாய்ப்பு இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். புறநகர்ப் பரணில், மனிதனைக் கண்டு பயப்படுவதையே மறந்துவிட்ட மானை, அது தினமும் நடக்கிற தடத்தில் காத்திருந்து எய்வதற்கு அந்தக் கருத்து எப்படிப் பொருந்தும்? அது விளையாட்டு வேட்டையின் ஒழுக்கம். இங்கே நடப்பது எண்ணிக்கைக் குறைப்பு. இதன் தலையில் அந்தத் தொப்பியை வைப்பது எனக்கு ஒட்டவில்லை.

அம்பு கொல்கிற விதமும் துப்பாக்கியிலிருந்து வேறு. அம்பின் முனையில் உள்ள அலகுகள் ரத்தக்குழாய்களை அறுத்து, ரத்தம் வடிந்துதான் விலங்கு சாகிறது. நுரையீரலிலோ இதயத்திலோ பட்டால் சில வினாடி, அதிகம் போனால் ஒரு நிமிடம் ரெண்டு நிமிடம். குடலில் பட்டால் மணிக்கணக்காக. மேரிலாந்து மாநிலத்தில் இந்தியன் ஹெட் என்ற கடற்படைத் தளத்தில் 1989 முதல் 2006 வரை வில் வேட்டைக்காரர்களிடம் கணக்கு வைத்துப் பார்த்தார்கள். அம்பு பட்ட மான்களில் சுமார் 18 சதவீதம் கையில் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் அவர்கள் தேர்வு வைத்து எடுக்கப்பட்ட, பயிற்சி உள்ள ஆட்கள், கையில் இருந்ததும் நவீன வில். கிடைக்காத எல்லா மானும் செத்திருக்கும் என்று சொல்ல முடியாது, சில பிழைத்துக்கொள்ளும். ஆனாலும் ஐந்தில் ஒன்று என்பதை ஓரமாக வைத்துவிட்டு 'மனிதாபிமான முறை' என்று பேச முடியாது.

ஆனால் அந்த 18 சதவீதத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எய்தவர் யார், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பட்டது, தேடினாரா, கிடைத்ததா என்று எழுதி வைத்திருந்தார்கள். அம்பு எய்துவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது. அரை மணி காத்திருந்து, ரத்தத் துளி பார்த்து, தடம் பிடித்துப் போகவேண்டும் என்பது அங்கே அடிப்படை ஒழுக்கம். பக்கத்து வீட்டுப் புல்வெளியில் மான் போய் விழுந்தால் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் கொல்லையில் நான் எய்த மான் கிடக்கிறது என்று சொல்லவேண்டும். அந்தக் கதவைத் தட்டுகிற கஷ்டம் இருக்கிறதே, இந்த முறையில் நான் மதிக்கிற ஒரே பகுதி அதுதான்.

நம்ம பக்கம் இதற்கு நேர் எதிர்.

2023 மார்ச் மாதம் மாரண்டஅள்ளி அருகே மூன்று பெண் யானைகள் மின்வேலியில் சிக்கிச் செத்துப்போனது பலருக்கு நினைவிருக்கும். கூட இருந்த இரண்டு குட்டிகள் பிழைத்து, தாய்களின் உடலைச் சுற்றிச் சுற்றி வந்த காட்சியைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். வேலி வைத்த விவசாயி கைதானார். காட்டுப்பன்றிக்காக வைத்த வேலி அது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் கம்பைநல்லூர் பக்கம் ஏரிக்கரை ஏறிய ஓர் ஆண் யானை மேலே போன மின்கம்பியில் பட்டுச் செத்தது. இரண்டாவது வேறு வகைச் சம்பவம், அதைக் கள்ள மின்வேலிக் கணக்கில் சேர்க்கக்கூடாது. ஆனால் அந்த மாதம் இங்கே யாரிடம் பேசினாலும் இரண்டையும் சேர்த்துத்தான் பேசினார்கள்.

அந்த மின்வேலியை ஒரு கொலைக்கருவியாக மட்டும் வைத்து, வில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரவு எட்டு மணிக்கு ஒருவர் கொக்கி போட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறார். கம்பி பார்ப்பதில்லை. பன்றியா, மானா, நாயா, யானையா, பக்கத்துக் காட்டுக்காரர் தண்ணி கட்ட வந்தாரா என்று அதற்குத் தெரியாது. விடியற்காலையில் போய்ப் பார்த்தால்தான் என்ன செத்திருக்கிறது என்பதே தெரியும். பன்றி என்றால் நிம்மதி. மான் என்றால் பயம், ஆனால் சத்தமில்லாமல் முடிந்துவிடும். மனுசன் என்றால் குடும்பமே போச்சு. (சூரிய மின்வேலி வேறு. அது விட்டுவிட்டுத் துடிப்பாகத் தருகிற அதிர்ச்சி விரட்டும், கொல்லாது. தமிழ்நாட்டில் 2023-இல் மின்வேலிகளைப் பதிவு செய்யச் சொல்லி விதிகளும் வந்தன. நான் சொல்வது நேராக வீட்டுக் கரண்டை இழுத்துக் கட்டுகிற கம்பியை.)

அவுட்டுக்காய் இதைவிட மோசம். வெடிமருந்தை உணவுப் பொருளுக்குள் வைத்துக் கட்டிப் போடுவார்கள். கடித்தால் தாடை சிதறும். பன்றி அங்கேயே விழலாம். யானை கடித்தால் விழாது, தாடை இல்லாமல் நாள் கணக்கில் பட்டினி கிடந்து சாகும். சுருக்குக் கம்பியும் அப்படித்தான், வைத்தவன் பக்கத்தில் இருக்கமாட்டான்.

ஆக, "கொல்லலாமா கூடாதா" என்று நகரத்தில் நடக்கிற விவாதம் இங்கே நடக்கிறதைத் தொடவே இல்லை. கொலை ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. சட்டம் தடை செய்திருப்பதால் அது பார்க்காத, எண்ணாத, யாரும் பொறுப்பேற்காத வடிவத்துக்குப் போய்விட்டது. நாட்டுத்துப்பாக்கி சத்தம் போட்டால் வனத்துறை வரும், கம்பி சத்தம் போடாது. கொடூரமான முறையை ஒருவர் தேர்ந்தெடுப்பது கொடூர மனசால் மட்டும் இல்லை, அது மாட்டிக்கொள்ளாத முறை என்பதாலும்தான். வில் வேட்டை அங்கே சத்தம் வராததால் தேர்வானது. கம்பி இங்கே சத்தம் வராததால் தேர்வானது. இந்த ஒற்றுமையைக் கவனித்தபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இதில் வாட்ஸ்அப் செய்திகள் நிறைய. 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஆரம்பத்தில் உரிமம் பெற்ற வேட்டையை முழுசாக ஒழிக்கவில்லை. 1991 திருத்தம்தான் அந்தக் கதவைச் சாத்தியது. இன்றும் 11-ஆம் பிரிவில் ஒரு ஜன்னல் இருக்கிறது. அட்டவணை இரண்டில் உள்ள விலங்கு மனித உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்தானால், உடைமை என்பதில் நிற்கிற பயிரும் அடக்கம், தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்து மூலம் அனுமதி தரலாம். காட்டுப்பன்றியும் அந்த அட்டவணைதான், புள்ளிமானும் அந்த அட்டவணைதான். 62-ஆம் பிரிவில் மத்திய அரசு ஒரு விலங்கைக் குறிப்பிட்ட பகுதிக்கு, குறிப்பிட்ட காலத்துக்குத் 'தீங்குயிர்' என்று அறிவிக்கலாம். அப்படித்தான் பீகாரில் நீலமான் அறிவிக்கப்பட்டு, 2016 ஜூனில் மொகாமா பகுதியில் வெளியூர்த் துப்பாக்கிக்காரர்களை வரவழைத்து இருநூறுக்கும் மேல் சுட்டார்கள். மத்திய அமைச்சரவையிலேயே மேனகா காந்தி ஒரு பக்கம், ஜவடேகர் ஒரு பக்கம் என்று வெளிப்படையாக மோதிக்கொண்டது அப்போதுதான். கேரளம் 2022-இல் வேறு வழிக்குப் போனது. பன்றியைச் சுட அனுமதி தருகிற அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்தது. விஷம், வெடி, மின்சாரம் கூடாது, உடலைப் புதைத்துவிடவேண்டும் என்ற நிபந்தனைகளோடு.

நம்ம அரசு 2025 ஜனவரியில் ஒரு முடிவு எடுத்தது. அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டமன்றத்தில் அறிவித்தார். காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை சுடக்கூடாது, பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ. தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். கோரிக்கையைப் பரிசீலிக்க ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனப் பணியாளர் அடங்கிய குழு.

படிக்கும்போது நிதானமான ஏற்பாடாகத்தான் தெரிகிறது. காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பன்றி சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் இரை, அதைத் தொடாதே. தூரத்தில் போய்க் குடியேறிவிட்ட பன்றி காட்டுக்கு உபயோகமில்லை, அதை எடு. உயிரியல் ரீதியாக இதில் அர்த்தம் இருக்கிறது. தூரத்துப் பன்றிகள் நிஜமாகவே தனிக் குடித்தனம் போட்டுவிட்டவைதான். வறண்ட ஏரி, ஓடை எல்லாம் சீமைக்கருவேலம் அடைந்து கிடக்கிறது. பகலில் அதற்குள் படுக்கை, ராத்திரி நிலக்கடலை, மரவள்ளி. காட்டையே பார்க்காமல் பிறந்து வளர்கிற பன்றிகள். ஒரு ஈட்டுக்கு நாலைந்து குட்டி.

ஆனால் இதே வரைபடத்தைத் தருமபுரி மாவட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். மாவட்டப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காடு. அதுவும் ஒரே தொகுதியாக இல்லை. பென்னாகரம் பக்கம் ஒன்று, பாலக்கோடு பக்கம் ஒன்று, அரூர், மொரப்பூர், சித்தேரி என்று துண்டு துண்டாக, ஊர்களுக்கு நடுவில். 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட காவேரி தெற்கு வன உயிரின சரணாலயமும் இந்த மாவட்டத்தைத் தொடுகிறது. பென்னாகரம், ஏரியூர்ப் பக்கம் பல ஊர்களில் வரப்பில் நின்றாலே காப்புக்காட்டுக் கல் தெரியும். அந்த ஊர்க்காரருக்கு 3 கி.மீ. கோடு என்பது வேறு மாவட்டத்து விஷயம்.

இன்னொன்று இருக்கிறது. இதை யாரும் பேசாமல் இருப்பது எனக்கு ஆச்சரியம். இரண்டாம் வளையத்தில் பிடிக்கிற பன்றியை எங்கே விடுவார்கள்? காட்டில். காட்டின் ஓரத்தில் யார் இருக்கிறார்கள்? முதல் வளையத்துக்காரர். அவருக்குச் சுடவும் அனுமதி இல்லை, பிடிக்கவும் இல்லை. நிலக்கடலை ருசி கண்ட பன்றியை அவர் வயலுக்கு எதிரில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறோம். வசதியான சமவெளி விவசாயியின் தொல்லையை எடுத்து, மானாவாரியாகச் சாமையும் கேழ்வரகும் போடுகிற ஓரத்து விவசாயியின் தலையில் கட்டுகிற ஏற்பாடு இது. முதல் வளையத்தில் பட்டா இல்லாத நிலங்கள் நிறைய. வன உரிமைப் பட்டாவுக்கு மனுப் போட்டுக் காத்திருப்பவர்கள், புறம்போக்கில் பயிர் செய்பவர்கள், குத்தகைக்காரர்கள். நஷ்ட ஈட்டுக்குச் சிட்டா, அடங்கல் கேட்டால் இவர்கள் கையில் என்ன இருக்கும்? ஆக, நஷ்ட ஈடு வாங்கிக்கொள் என்று சென்னையிலிருந்து சொல்கிற அறிவுரை, அது யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே போய்ச் சேராது. கொக்கி போட்டுக் கம்பி இழுப்பவர் யார் என்று தேடிப்போனால் பல நேரம் இந்த வளையத்தில்தான் போய் நிற்போம்.

துப்பாக்கி யார் கையில் என்ற கேள்வியும் இந்த மாவட்டத்தில் லேசானது இல்லை. "வனத்துறை வந்து சுட்டுத் தரும்" என்பது கோவையிலோ திருநெல்வேலியிலோ ஒரு சேவையாகக் கேட்கலாம். அரூர்ப் பக்கம் அப்படிக் கேட்காது. 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்தியில் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து செய்தது என்ன என்பது நீதிமன்றத் தீர்ப்பாகவே இருக்கிறது. 18 பெண்கள் மீது பாலியல் வன்முறை. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். 2011-இல் தீர்ப்பு வந்தபோது உயிரோடு இருந்த 215 பேருக்கும் தண்டனை. அதைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023 செப்டம்பரில். முப்பத்தோரு வருடம். அந்த ஊர்ப் பக்கம், ராத்திரி நேரத்தில், துப்பாக்கியோடு வனத்துறை ஜீப் வரும், நீங்கள்தான் கூப்பிடவேண்டும் என்று ஓர் ஏற்பாடு செய்துவிட்டு, ஏன் மனுவே வரவில்லை என்று அதிகாரிகள் யோசித்தால் பதில் தூரத்தில் இல்லை. இன்றைக்கு இருக்கிற வனக்காவலர்கள் அன்றைய ஆட்கள் இல்லை, அவர்களில் பலர் நல்லவர்கள், சம்பளத்துக்கு மேல் உழைப்பவர்கள். அது வேறு விஷயம். நம்பிக்கை என்பது ஆளை மட்டும் பார்த்து வருவதில்லை.

இனி மானுக்கு வருகிறேன். எங்கள் உறவில் ஒரு மாமா, பென்னாகரம் பக்கம் மூன்று ஏக்கர். அவரிடம் மானும் பயிர் மேயுதே, அதை என்ன செய்வீங்க என்று கேட்டேன். "மானு வந்தா மேஞ்சிட்டுப் போவும். பன்னி வந்தா உழுதுட்டுப் போவும். ரெண்டும் ஒண்ணாப்பா?" என்றார். அப்புறம் அவரே, "மானு கண்ணப் பாத்தா கையி வராது" என்றார்.

மாமா சொன்னதில் இரண்டு காரணங்கள் கலந்திருக்கின்றன. முதல் காரணம் சேதத்தின் அளவு, அதை நான் ஏற்கிறேன். இரண்டாவது அழகு. அதை ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. நாடு முழுக்க இந்த இரண்டாவது காரணம்தான் ஓடுகிறது. மான் கொன்றால் தேசியச் செய்தி. சல்மான் கானின் வெளிமான் வழக்கு 1998-இல் நடந்ததற்கு 2018-இல் தண்டனை, இன்னும் பேசுகிறோம். பன்றி கம்பியில் தொங்கினால் மாவட்டப் பக்கத்தில்கூட வராது. வலி என்று பார்த்தால் பன்றிக்கு மானைவிடக் குறைவாக வலிக்கும் என்று சொல்ல ஒரு ஆதாரமும் கிடையாது, புத்தியில் பன்றி ஒருபடி மேல் என்றுகூடச் சொல்லலாம். பன்றியையும் மானையும் வேறாக நடத்த நியாயம் வேண்டுமென்றால் அது இனப்பெருக்கத்திலும் இரைச் சங்கிலியிலும் இருக்கிறது. புள்ளிமான் ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான் போடும். சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் அது முக்கியமான இரை. காட்டுக்குள் உண்ணிச்செடி பரவிப் புல் போய்விட்டதால்தான் அது வெளியே வருகிறது, கோடையில் தண்ணீருக்கும் வருகிறது. வந்த இடத்தில் ஊர்நாய் கடித்தோ, கிணற்றில் விழுந்தோ, நெடுஞ்சாலையில் அடிபட்டோ சாகிறது. இங்கே அதன் எண்ணிக்கை அமெரிக்க மாதிரி பெருகிக் கிடக்கிறது என்று சொல்ல எந்த அடிப்படையும் இல்லை. அதனால் புள்ளிமானைக் கொன்று குறைக்கிற திட்டம் இங்கே தேவையில்லை என்பது என் கருத்து. அதன் கண் அழகு என்பதற்காக இல்லை.

எங்கே தேவைப்படுகிறதோ அங்கே இதே புள்ளிமான் வில்லுக்கும் இரையாகிறது என்பதைச் சொல்லவேண்டும். 1868-இல் ஹவாய்த் தீவுகளில் மொலோக்காய்க்கு நம்ம புள்ளிமானைக் கொண்டுபோய் விட்டார்கள். மாவியில் 1959-இல். வேட்டையாட ஒரு விலங்கும் இல்லாத தீவுகள். இன்று அங்கே அது மேய்ச்சலைத் தின்று மண்ணை அரிக்கவிடுகிற தொல்லை, வில்லாளும் துப்பாக்கியாலும் கொல்கிறார்கள், கறியைக் கடையில் விற்கிறார்கள். டெக்சாஸிலும் உண்டு. அதே விலங்கு, அதே கண். இடம் மாறும்போது நீதியும் மாறுகிறது, மாறத்தான் வேண்டும். "அங்கே செய்கிறார்கள்" என்ற வாதம் இங்கே செல்லாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

தருமபுரிக்காரன் என்பதால் நடுகல் பற்றி ஒரு பத்தி எழுதாமல் விட மனசில்லை. இந்த மாவட்டமே நடுகல் பூமி. தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் வரிசையாகப் பார்க்கலாம், வில்லும் கையுமாக நிற்கிற வீரர்கள். பெரும்பாலும் மாடு மீட்கப் போய்ச் செத்தவர்கள். இந்தப் பகுதிகளில் பன்றியோடு மோதிச் செத்தவனுக்கும் கல் நட்டிருக்கிறார்கள், பன்றிக்குத்திக்கல் என்பார்கள். பயிரைக் காக்கப் போய்ப் பன்றி கையில் உயிர் விட்டவன். இதை வைத்துக்கொண்டு சிலர் "நம்ம மரபே வேட்டை மரபு" என்று கிளம்புவார்கள். எனக்கு அந்தக் கல்லில் தெரிகிறது வேறு. அங்கே மனிதனும் பன்றியும் ஒரே பலகையில், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார்கள். கல் நட்டது கொன்றதற்காக அல்ல, ஊர்ப் பயிருக்காகத் தன்னைக் கொடுத்ததற்காக. திரும்பி அந்தக் காலத்துக்குப் போகச் சொல்லவில்லை, பன்றியிடம் குத்துப்பட்டுச் சாக யாரும் ஆசைப்படவேண்டாம். ராத்திரி கொக்கி போட்டுவிட்டுத் தூங்குவதை அந்த மரபின் தொடர்ச்சி என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அப்படியானால் நான் எதை ஆதரிக்கிறேன்? பன்றியைப் பொறுத்தவரை கொல்வதை ஆதரிக்கிறேன், சொல்லப்பிடிக்காவிட்டாலும். ஆனால் கணக்குத் தூரத்தில் இருக்கக்கூடாது, சேதத்தில் இருக்கவேண்டும். காட்டு ஓரத்து ஊரில் தொடர்ந்து சேதம் என்றால் அங்கேயும் பரிசீலிக்கவேண்டும். சுடுகிறவர் ஊருக்குத் தெரிந்தவராக, பயிற்சி பெற்றவராக, ஊராட்சிக்குப் பதில் சொல்கிறவராக இருக்கவேண்டும். காயம்பட்டு ஓடியதைத் தேடுவது அவர் வேலையில் பாதி, அதைப் பதிவேட்டில் எழுதவேண்டும், கிடைக்காதது உட்பட. வில்லைக் கொடுக்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். பன்றித் தோல் தடிப்பு, ராத்திரி, புதர், அந்த 18 சதவீதம் இங்கே இன்னும் கூடும். காயம்பட்ட பன்றி மறுநாள் காலை ஆடு மேய்க்கப் போகிற அம்மா மேல்தான் பாயும்.

கறி விஷயத்தில் எனக்கு இரண்டு மனசு. அமெரிக்காவில் கொன்றதைத் தின்பது, தின்ன முடியாவிட்டால் ஏழைகளுக்குக் கொடுப்பது அந்த ஒழுக்கத்தின் பகுதி. இங்கே ஒரு பன்றியைக் கொன்று குழி தோண்டிப் புதைக்கும்போது, கறியை மாதம் ஒரு தடவை பார்க்கிற குடும்பங்கள் சுற்றி நின்று பார்க்கும். அசிங்கமான காட்சி. ஆனாலும் கறிக்கு அனுமதி கொடுத்தால் ஒவ்வொரு மனுவும் கறி மனுவாகிவிடும், பதிவேடு பொய்யாகிவிடும், மானும் பன்றி என்ற பெயரில் போகும். இதில் நான் புதைக்கிற பக்கம்தான், மனசில்லாமல்.

மின்வேலிக்கு மன்னிப்பே கூடாது என்பதிலும் உறுதியாக இருக்கிறேன். ஆனால் கைதும் அபராதமும் மட்டும் போதாது. அந்த விவசாயிக்குக் கம்பிக்குப் பதிலாக வேறு எந்த வழியைச் சட்டம் திறந்து வைத்திருந்தது என்று ஒவ்வொரு வழக்கிலும் கேட்கவேண்டும். முதல் வளையத்தில் இன்றைய பதில், ஒன்றுமில்லை. சூரிய மின்வேலிக்கு மானியம் என்பார்கள். மானியத்துக்கும் பட்டா கேட்பார்கள்.

இந்த மாவட்டத்தில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன வேலை சொல்கிறேன். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் மூன்று தகவல் கேட்டு தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள். நம்ம ஊர் எந்த வளையத்தில் வருகிறது, பன்றிக் குழு என்று ஒன்று கூடியிருக்கிறதா, பக்கத்து ஊர்களில் கூண்டு வைத்துப் பிடித்தால் அந்தப் பன்றிகளை எந்தக் காட்டில், எந்த இடத்தில் இறக்கிவிடப் போகிறார்கள். கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கினால் எனக்கும் அனுப்பி வையுங்கள்.